"இது கொடுவா மாதிரி இருக்கேபா"

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி காசிமேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் தெருவிலேயே ஒரு ஆவணப்படம் போட்டோம். பழைய ஃபிளெக்ஸ் பேனரைத் திருப்பி, அதன் வெள்ளைப் பக்கத்தை இரண்டு கம்பத்துக்கு நடுவே இழுத்துக் கட்டினோம், அதுதான் திரை. புரொஜெக்டர் நண்பனுடையது. ஸ்பீக்கரைத் திருவிழாவுக்கு மைக்செட் போடுகிற அண்ணன் காசு வாங்காமல் கொடுத்தார். படம் 'டார்வின்ஸ் நைட்மேர்', 2004இல் ஹூபர்ட் சாப்பர் என்ற ஆஸ்திரிய இயக்குநர் எடுத்தது. விக்டோரியா ஏரியின் தான்சானியா கரையில் முவான்சா என்று ஒரு ஊர், அந்த ஏரியில் பிடிபடுகிற நைல் பெர்ச் என்ற பெரிய மீன், அதை ஐரோப்பாவுக்கு ஏற்றிப் போகிற சரக்கு விமானங்கள், இதுதான் படம். அந்த மீன் ஏரிக்குச் சொந்தமானதே இல்லை, 1950கள், 60களில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டது, ஏரியில் மட்டுமே இருந்த நூற்றுக்கணக்கான சின்ன மீன் வகைகள் அழிந்துபோனதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

மீன் திரையில் வந்த உடனேயே, முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த மீன் வெட்டுகிற அக்கா சத்தமாகச் சொன்னார்: "இது கொடுவா மாதிரி இருக்கேபா."

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். கொடுவாவும் நைல் பெர்ச்சும் லேட்டஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இந்தப் படத்தை நான் நாலு தடவை பார்த்திருக்கிறேன், ஆங்கிலத்தில் இதைப் பற்றி எழுதியதையெல்லாம் தேடித் தேடிப் படித்திருக்கிறேன், ஆனால் இந்த ஒரு விஷயம் எனக்குத் தெரியாது. அந்த அக்காவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

ரொம்ப நாளாக மனசில் இருப்பதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். போர், நிலம், கடல், நஞ்சு என்று உலகம் முழுக்க எடுக்கிற இந்தப் படங்கள், அவற்றை யார் நன்றாகப் புரிந்துகொள்வார்களோ அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. திரைப்பட விழாவில் போடுகிறார்கள், கல்லூரியில் போடுகிறார்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, நானே அப்படிப் போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டவன்தான். ஆனால் ஆலைப் புகைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கு, ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்து இறால் போனவர்களுக்கு, ஒரு படமாவது அவர்கள் பேசுகிற தமிழில், அவர்கள் தெருவில் கிடைக்கிறதா? முதலில் நானும் தமிழில் சப்டைட்டில் போட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். போதாது. எங்கள் தெரு ஆயாக்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது, படிக்கத் தெரிந்தவர்களுக்கும் அந்த வேகத்தில் ஓடுகிற எழுத்தைப் பிடிக்க முடியாது. குரல்தான் வேண்டும்.

அதனால் மூன்று வாரம் உட்கார்ந்து முழுப் படத்தையும் தமிழில் எழுதிக்கொண்டு, படம் ஓட ஓட நானே மைக்கில் சொன்னேன். 'மீன் தசைத் துண்டம்' என்று எழுதி வைத்திருந்தேன், அதே அக்கா இடையில் திரும்பி, "முள்ளில்லாத சதைன்னு சொல்லு தம்பி, எல்லாருக்கும் புரியும்" என்றார். அப்புறம் கடைசி வரைக்கும் அப்படியே சொன்னேன்.

அந்தச் சதைதான் விமானத்தில் போகிறது. மிஞ்சின தலையும் நடுமுள்ளும் லாரியில் வந்து வெட்டவெளியில் கொட்டப்படுகிறது. பெண்கள் புழு நெளிகிற சேற்றில் நின்று ஒவ்வொரு எலும்புக்கூட்டையும் எடுத்துக் கம்புகளில் மாட்டிக் காய வைக்கிறார்கள், உள்ளூர்க்காரர்கள் சாப்பிட அதைத்தான் பொரித்து விற்கிறார்கள். அந்தக் காட்சி வந்தபோது தெருவே அமைதியாகிவிட்டது. கடைசியில் ஒரு ஆயாதான் பேசினார்: "சதைய பிளேன்ல ஏத்திக்கினு போயிட்டான், முள்ள இவங்களுக்கு வுட்டுட்டான். இது இன்னா நாயம்?" உலக வர்த்தகத்தைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

கேள்வி கேட்கவும் தயங்கவில்லை. வருகிற விமானம் ஆயுதம் கொண்டுவருகிறது என்று படம் சொல்கிறது, ஆனால் ஆயுதப் பெட்டி இறங்குவதை ஒரு இடத்திலும் காட்டவில்லை. "சொல்றான், காட்டலையே" என்று ஒரு அண்ணன் கேட்டார். சரியான கேள்வி. படம் வந்தபோது தான்சானியா அரசே கடுமையாக எதிர்த்தது, இந்த ஆயுத விஷயத்தில் ஐரோப்பாவிலும் பெரிய சண்டை நடந்தது. அங்கோலாவுக்கு டாங்கி ஏற்றிப் போய்விட்டு, திரும்பும்போது திராட்சை ஏற்றி வந்ததாக ஒரு விமானி தானே ஒப்புக்கொள்கிற இடத்தைச் சொன்னேன். "அது சரி, அவன் வாயாலயே வந்திருக்கு" என்றார்.

படம் முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை. அழுகுகிற மீனின் நெடியில் அமோனியாவும் இருக்கும் என்று கெமிஸ்ட்ரி படிக்கிற பையன் ஒருவன் சொன்னான். அமோனியா என்ற பேரைக் கேட்டதும் எண்ணூரிலிருந்து வந்திருந்த தம்பி பேச ஆரம்பித்தான். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவருகிற கடலடிக் குழாயில் கசிவு, பெரியகுப்பம் ஜனங்கள் கண் எரிந்து மூச்சு முட்டி இருட்டில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடின ராத்திரி அது. அதே மாதம்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படர்ந்தது. படகு, வலை, கூழைக்கடாவின் இறக்கை எல்லாம் கருப்பு. அந்த எண்ணெயை அள்ளினதை அவன் போனில் எடுத்திருக்கிறான். ஸ்டேட்டஸில் போட்டான், ஒரு நாளில் போய்விட்டது, அப்புறம் போனும் மாறிவிட்டது. மிச்சம் இருப்பது இரண்டு நிமிஷம். அதைத் திரையில் போட்டோம். ஒரு கை, ஒரு பிளாஸ்டிக் மக், தார் மாதிரி தண்ணீர், பக்கத்தில் யாரோ இருமுகிற சத்தம். அவ்வளவுதான்.

2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினபோதும் வாளி வாளியாக அள்ளினோம், அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. ஒரு வாரம் கேமரா இருந்தது. அதற்கப்புறம் வந்த வருஷங்களை யார் எடுத்தார்கள்? பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில் மசாஃபர் யாட்டா கிராமங்கள் இடிபடுவதை அங்கேயே பிறந்த பாசல் அத்ரா வருஷக்கணக்கில் விடாமல் எடுத்தார். பாலஸ்தீனர் இருவர், இஸ்ரேலியர் இருவர் சேர்ந்து அதை 'நோ அதர் லேண்ட்' என்ற படமாக்கி 2025இல் ஆஸ்கர் வாங்கினார்கள். அங்கே வேலை செய்தது அந்த ஊர்க்காரன் பத்திரமாக வைத்திருந்த பதிவுகள். ட்ரோனில் பறந்து குப்பைமேட்டை அழகாகக் காட்டிவிட்டு, அங்கே வாழ்கிற ஒருவரையும் முழு வாக்கியம் பேசவிடாத படங்களை இனிமேல் நான் போடப்போவதில்லை.

தமிழிலேயே இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 'கக்கூஸ்' இருக்கிறது. கையால் மலம் அள்ளுகிற தொழிலாளர்களைப் பற்றி 2017இல் திவ்யபாரதி எடுத்தார், பல இடங்களில் திரையிட விடவில்லை, யூடியூபில் ஏற்றினார், போன் போனாகப் போனது. எங்கள் தெருவில் அதை யாருக்கும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது 'நோ அதர் லேண்ட்'தான். திரையிட அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். புல்டோசர் வருகிற இடத்துக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாது, இங்கே ஆற்றோரம் வீடு இடிக்கப்பட்டு, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்டவர்களின் சொந்தக்காரர்கள் எல்லோரும் இந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள். ஆனால் அரபியும் ஹீப்ருவும் கலந்து வேகமாகப் பேசுகிற படம், ஒரு குரலில் சமாளிக்க முடியாது. பெண்கள் பேசுகிறதை அந்த அக்காவே சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறார், மதியம் மார்க்கெட் முடிந்ததும் வந்து பேசிப் பார்க்கிறார். இன்னும் இரண்டு ஆண் குரல் வேண்டும், ஆங்கில சப்டைட்டிலைப் பார்த்துத் தமிழில் எழுத ஒரு ஆளும் வேண்டும். மேடைத் தமிழ் வேண்டாம், வீட்டில் பேசுகிற மாதிரி எழுதினால் போதும். தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி பக்கம் இருக்கிறவர்கள் இன்பாக்ஸில் வாங்க. எண்ணூர், எர்ணாவூர் பக்கம் யார் போனிலாவது 2023 டிசம்பர் வீடியோ இருந்தால் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள், எந்த இடம், எந்தத் தேதி என்று ஒரு வரி எழுதி எங்களுக்கும் ஒரு காப்பி அனுப்புங்கள்.