அடைப்புக்குறிக்குள் ஒரு வார்த்தை

நேற்று அந்தப் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின், அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அந்த ஆட்டத்தின், தலைசிறந்த பயிற்சியாளர்களாம். ரெட் பிளெய்க் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் "போர்க்காலம்". பாராட்டுவது போலப் பாராட்டிவிட்டுக் காலை வாருவது இதுதான்.

1940-இல் வெஸ்ட் பாயின்ட் என்னும் அமெரிக்க ராணுவக் கல்லூரியின் அணி ஜெயித்தது ஒரே ஓர் ஆட்டம், தோற்றது ஏழு. மறு ஆண்டு பிளெய்க் பொறுப்பேற்றார். 1944 முதல் 1946 வரை 28 ஆட்டங்கள்: 27 வெற்றி, ஒன்று சமன். தோல்வியே கிடையாது.

"மற்ற கல்லூரிப் பையன்கள் போருக்குப் போய்விட்டார்கள், நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் வெஸ்ட் பாயின்ட்டில் குவிந்தார்கள்" என்று கிளம்பி வருவீர்கள். குவிந்தார்கள்தான். 1944-இல் நோட்ர டேம் பல்கலைக்கழக அணியை 59-0 என்று நசுக்கியதில் அதற்கும் பங்கு உண்டு, வைத்துக்கொள்ளுங்கள். 1946-இல் என்ன ஆயிற்று? போனவர்கள் திரும்பியாயிற்று. நோட்ர டேமின் பயிற்சியாளர் ஃபிராங்க் லேஹியும் கடற்படையிலிருந்து திரும்பி வந்துவிட்டார். நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் இரு அணிகளும் மோதின: 0-0. அப்போதும் பிளெய்க் தோற்கவில்லையே! அதே லேஹி 1943-இல் வாங்கிய தேசிய சாம்பியன் பட்டம் மட்டும் சமாதான காலத்துப் பட்டமா? அவருக்கு அடைப்புக்குறி எங்கே?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். என் அப்பா உடற்பயிற்சி ஆசிரியர். ஓர் ஆண்டு வெள்ளம். மாவட்ட வாலிபால் போட்டிக்கு இரண்டு பள்ளிகள் வரவில்லை. அப்பாவின் பையன்கள் கோப்பையை வாங்கினார்கள். அவருடைய பணி ஓய்வு விழாவில் மேடையேறிய ஒருவர், "சார் கோப்பை வெள்ளத்தில் மிதந்து வந்தது" என்றார். கூட்டம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வெள்ளத்தை அவரா வரவழைத்தார்? வந்த அணிகளை எல்லாம் ஜெயித்தாரா, இல்லையா?

1951-இல் வெஸ்ட் பாயின்ட்டில் தேர்வு முறைகேட்டில் கிட்டத்தட்ட 90 மாணவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பிளெய்க்கின் அணியில் பெரும்பகுதி காலி. சொந்த மகனும் போனான். ("அந்த மோசடியை ஏன் மழுப்புகிறாய்?" மழுப்பவில்லை, அது வேறு வழக்கு.) வெறுங்கையோடு மறுபடி ஆரம்பித்த மனிதர், 1958-இல் ஓர் ஆட்டம்கூடத் தோற்காத அணியைக் கொடுத்துவிட்டு விடைபெற்றார். அது எந்தப் போர்க்காலம் ஐயா?

பட்டியல் போட்ட புண்ணியவானே, ஒன்று அந்த அடைப்புக்குறியை எடுங்கள். இல்லையென்றால் லேஹிக்கும் ஒன்று போடுங்கள். அந்தக் கோப்பையோடு எடுத்த படத்தை அப்பா கடைசிவரை கூடத்தில் மாட்டவே இல்லை. பீரோவுக்குள்தான் இருந்தது.