நாகர்கோவில் டவுன் நிலையம் குறித்து ஒரு கூடுதல் தகவல்

நாகர்கோவில் டவுன் ரயில் நிலையத்தைப் பற்றி வெளியான ஒரு கட்டுரை, குமரி மாவட்டத்துக்கு ரயில் வந்த ஆண்டு 1981 என்று குறிப்பிடுகிறது. திருநெல்வேலிப் பாதையைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரையிலான அகலப்பாதை 1979-ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டு, இரணியல், குழித்துறை ஊர்களின் மக்கள் அதில் பயணிக்கத் தொடங்கிவிட்டனர். கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு 1918-லேயே ரயில் வந்திருந்தும், அதே திருவிதாங்கூரின் தென்கோடியில் இருந்த நாகர்கோவில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது என்பதைக் கட்டுரையாளர் தொடாமல் விட்டது ஒரு குறைதான்.

டவுன் நிலையத்தின் முக்கியத்துவம் பாதையின் அமைப்பில் இருக்கிறது. திருவனந்தபுரம், திருநெல்வேலி ஆகிய இரு திசைப் பாதைகளும் கோட்டாறில் உள்ள நாகர்கோவில் சந்திப்பு நிலையத்துக்குள் ஒரே பக்கமாக நுழைவதால், ஒரு திசையிலிருந்து வந்து மறு திசைக்குச் செல்லும் வண்டி அங்கு நின்று, இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டிய பிறகே புறப்பட முடியும். சன்னலோர இருக்கையைப் பிடித்தவர் அதற்குப் பிறகு பின்னோக்கிப் பயணிக்க வேண்டியதுதான்! சந்திப்பைத் தொடாத இணைப்புப் பாதையில் செல்லும் வண்டிகளுக்கு இந்தத் தாமதம் இல்லை. அவற்றுக்கு நகரின் நிறுத்தம் டவுன் நிலையமே. காலையில் திருவனந்தபுரத்துக்கு வேலைக்கும் மருத்துவத்துக்கும் செல்வோர் நிறைந்திருக்கும் அந்நடைமேடையில், சீசன் டிக்கெட் பயணிகளுக்குப் போதிய மேற்கூரை அமைப்பது குறித்தும் கட்டுரையாளர் எழுத வேண்டும்.