அறுப்புக்கு முன் தெளித்த உளுந்து

போன வாரம் மூன்றாவது நாவலின் கடைசிப் பிரதியைப் பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டு மொட்டை மாடியில் போய் நின்றேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. கல்யாணம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, பந்தல் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பவன் மாதிரி இருந்தது. இந்த நிலைமை எனக்குப் புதிதல்ல. முதல் தடவை இதில் மாட்டிக்கொண்டு ஆறு வருடத்தைத் தொலைத்தேன். அதனால்தான் இந்தப் பதிவு.

முதல் நாவல் ஒரு ஜனவரியில், சென்னைப் புத்தகக் காட்சிக்கு வந்தது. நம் ஊரில் முக்கால்வாசி நாவல்கள் அப்போதுதானே வருகின்றன. வெளியீட்டு விழா, இரண்டு விமர்சனக் கூட்டம், யார் எழுதினார்கள், யார் எழுதவில்லை என்று தினமும் இரவு முகநூலில் தேடுவது. பார்க்கிறவர்கள் எல்லாரும் “அடுத்து என்ன சார்?” என்றார்கள். “மூணு மாசம் ஓய்வு” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆடி மாதம் உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. எழுதிய வாக்கியங்கள் எல்லாம் நான் அலுவலகத்தில் எழுதும் விடுப்பு விண்ணப்பம் போலவே வந்தன. ‘பெரிய’ விஷயமாக எடுக்க வேண்டும் என்ற எண்ணம் வேறு. நாற்பது பக்கம் எழுதிக் கிழித்தேன், மறுபடி நாற்பது பக்கம். அப்புறம் எழுதாமல் இருப்பதற்கு நல்ல நல்ல காரணங்களைக் கண்டுபிடிப்பதில் தேர்ந்துவிட்டேன்.

இதற்கு விடை எனக்கு எங்கள் வயலில் கிடைத்தது. காவிரி டெல்டாக்காரர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டாம் போகமான தாளடி நெல் பழுத்து நிற்கும். அறுப்புக்கு ஏழு நாள், பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற பயிருக்கு நடுவில் உளுந்தை விசிறித் தெளித்துவிடுவார்கள். அதற்குப் பதம் உண்டு. கால் வைத்தால் பாதம் பதிய வேண்டும், புதையக் கூடாது. அறுக்க ஆள் இறங்கும்போது கீழே முளை வந்திருக்கும். கொஞ்சம் மிதிபடும், எழுந்துவிடும். அப்புறம் உழவு இல்லை, தண்ணீர் கட்டுவது இல்லை. நெல் விட்டுப்போன ஈரமும் தை, மாசிப் பனியுமே அதற்குப் போதும்.

ஒரு வருடம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், அறுப்பு முடிந்து பத்து நாள் கழித்துத் தெளித்தோம். விதைக்குப் போட்ட உளுந்துகூடத் திரும்பி வரவில்லை. “அறுத்த பிறகு தெளிச்சா ஈரம் எங்கடா இருக்கும்?” என்று அப்பா கட்டிலில் படுத்தபடி கேட்டார். அவர் உளுந்தைப் பற்றித்தான் கேட்டார். எனக்கு என் ஆறு வருடம் ஞாபகம் வந்தது.

இரண்டாவது நாவலை முடிப்பதற்கு ஐந்தாறு மாதம் முன்னால் நாற்பது ரூபாய்க்கு ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கினேன். எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் இடம் கிடைக்காத ஆட்களை அதில் ஏற்றுவது என்று வைத்துக்கொண்டேன். திட்டம், அத்தியாயப் பிரிவு எதுவும் கிடையாது. அந்த நாவல் ஒரு ரைஸ்மில் குடும்பத்தைப் பற்றியது. அதில் நெல் கொள்முதல் நிலையத்தில் நடக்கும் ஒரு காட்சி. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் வழக்கமாக எடுக்கமாட்டார்கள். களத்தில் கொட்டிக் காயவைத்து மறுபடி அள்ள வேண்டும். அள்ளும்போது சிந்தும். சிந்தியதைக் கூட்டிச் சலித்து எடுத்துப்போக ஒரு பெண் துடைப்பத்தோடு காத்திருப்பாள். நாவலில் அவளுக்கு மூன்று வரிதான். நோட்டில் அவள் பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போனாள். ஒரு நாளைக்கு எவ்வளவு தேறும், லோடுமேன்கள் யாராவது வேண்டுமென்றே மூட்டையைச் சாய்த்துக் கொடுக்கிறார்களா, அதற்கு என்ன கணக்கு. போன வாரம் அனுப்பிய நாவல் அவளுடையதுதான்.

ஆண்டனி டிராலப் என்று 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர். அஞ்சல் துறையில் வேலை. விடியற்காலையில் எழுந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை என்று எழுதியவர். 1858இல் அலுவலக வேலையாக எகிப்து போயிருந்தபோது ஒரு நாவலை முடித்து, மறுநாளே அடுத்ததைத் தொடங்கியதாகத் தன் சுயசரிதையில் சொல்கிறார். எழுதுவோர் மத்தியில் இவரைக் காட்டி ஒருவரையொருவர் மிரட்டுவது ஒரு பழக்கம். ஆனால் அதே புத்தகத்தில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். சின்னப் பையனாக இருந்தபோது விளையாட்டில் சேர்த்துக்கொள்ள ஆளில்லாமல், ஒரே கதையை மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட மனதுக்குள் தொடர்ந்து நடத்திக்கொண்டிருந்தாராம். அந்தப் பழக்கம் உள்ள ஆளுக்கு மறுநாள் உட்காரும்போது அடுத்த நாவல் ஏற்கெனவே முளைவிட்டிருக்கும் என்பது என் எண்ணம். கடிகாரத்தை மட்டும் நாம் காப்பியடித்தால் பத்து நாளில் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குவோம். எனக்கு ஒன்பது நாள் ஆனது.

எனக்குக் கரிசல் எழுத்தாளர் கி. ராஜநாராயணனின், அதாவது கி.ரா.வின் வழிதான் பிடிக்கும். ‘கோபல்ல கிராமம்’ 1976இல் வந்தது. அதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்க’ளுக்கு 1991ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது. இரண்டுக்கும் நடுவில், 1982இல், கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதியே போட்டுவிட்டார். சொற்களையும் கதைகளையும் தேடித்தேடிச் சேர்த்தவர் அவர். நாவல் எழுதாத காலத்தில் அவர் கை சும்மா இருக்கவில்லை. நாவலுக்கு வேண்டிய மண்ணிலேயே வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

சரி, சுந்தர ராமசாமிக்கு என்ன சொல்வாய் என்று கேட்கலாம். மூன்றே நாவல்கள், 1966, 1981, 1998. பதினைந்து வருடம், அப்புறம் பதினேழு வருடம். நான் ஆறு வருடத்துக்கே அழுதுகொண்டிருக்கிறேன். அவர் நடுவில் சிறுகதை, கவிதை, கட்டுரை, மொழிபெயர்ப்பு என்று இயங்கிக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு நாவல் அவ்வளவு இடைவெளி கேட்டது, அவ்வளவே. இடைவெளி நீளமா குட்டையா என்பது என் கவலையும் இல்லை. கை விட்டுப்போவதுதான் பயம். நாவலைத் தவிர வேறு எதுவும் எழுத வராத என் போன்றவர்களுக்கு அந்தப் பயம் இரட்டிப்பு.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. எங்கள் பக்கம் அறுப்பு மெஷின் வந்த பிறகு, அது ஏறி இறங்கிய தடத்தில் உளுந்து முளை நசுங்கிப்போகிறது. அதனால் தெளிப்பதையே விட்டவர்கள் உண்டு. நமக்குப் புத்தகக் காட்சிதான் மெஷின். அறுப்பு நடக்கிற அதே தை மாதத்தில் வேறு வந்து தொலைக்கிறது. போகாமல் இருக்க முடியாது, எனக்குப் பிடிக்கவும் செய்கிறது. ஆனால் மைக் பிடித்துப் பேசிய நாளின் இரவில் நோட்டில் ஒரு வரிகூட ஏறாது என்பதைப் பார்த்துவிட்டேன். பாராட்டு வந்தால் அந்தப் பாராட்டை, வராவிட்டால் வராததை, எப்படியும் ஒன்றை இரண்டு மணிவரை மென்றுகொண்டிருப்பேன். இந்தத் தடவை இரண்டு நாள் மட்டும் போவதாக இருக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

நேற்று மெய்ப்பு வந்தது, 412 பக்கம். இடது கைப்பக்கம் அது, வலது கைப்பக்கம் புது நோட்டு. 87ஆம் பக்கத்தில் ஒரு லாரி டிரைவர் டீக்கடை வாசலில் ஒரு கடிதத்தை வாங்கி, பிரிக்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுக்கிறான். அப்புறம் நாவலில் எங்கேயும் அவன் வரவில்லை. எழுதியவன் நான்தான், கடிதத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. பிழை எதுவும் இல்லாததால் பக்கத்தைத் திருப்பினேன். திருப்பிவிட்டு, நோட்டில் அவன் வண்டி எண்ணை மட்டும் குறித்து வைத்தேன்.