குறை யாருக்குத் தெரியுமோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும்

கார் கம்பெனி மேல் வழக்குப் போடப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வருவது ஒரே கேள்விதான்: "உங்களால் நிரூபிக்க முடியுமா?" வண்டியை வடிவமைத்தவர்கள் அவர்கள். சோதனை ரிப்போர்ட் அவர்களிடம். ஊர் ஊராக வந்த புகார்கள் அவர்கள் கம்ப்யூட்டரில். நம் கையில் இருப்பது நசுங்கிப்போன வண்டியும் ஆஸ்பத்திரி பில்லும். நிரூபிக்கும் சுமை மட்டும் நம் தலையில் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அமெரிக்கக் கார் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் சுவிட்ச் (சாவி போட்டுத் திருப்பும் சுவிட்ச்) வழக்கைப் படித்த பிறகு இந்த எண்ணம் இன்னும் உறுதியானது. 2010 மார்ச்சில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், மழையில் போன அந்தக் கம்பெனியின் செவர்லே கோபால்ட் கார் ஒன்று கட்டுப்பாடு இழந்து எதிரே வந்த வண்டியில் மோதியது. ஓட்டிய இளம்பெண் இறந்துபோனார். ஈரச் சாலையில் வேகமாகப் போனதுதான் காரணம் என்றது போலீஸ். ஆனால் ஓடும்போதே எஞ்சின் நின்றுவிடுகிறது என்று சில நாட்களுக்கு முன்புதான் அதே காரை டீலரிடம் விட்டு எடுத்திருந்தார் அந்தப் பெண். பெற்றோர் விடவில்லை. லான்ஸ் கூப்பர் என்ற வழக்கறிஞரைப் பிடித்தார்கள். விபத்து நேரத் தகவலைப் பதிந்துவைக்கும் காரின் பதிவுப் பெட்டியை எடுத்துப் பார்த்தால், மோதுவதற்குச் சில நொடிகள் முன்பே சாவி 'ஆன்' நிலையிலிருந்து நழுவியிருக்கிறது.

சாவி நழுவினால் என்ன ஆகும்? எஞ்சின் அணைந்துவிடும். பவர் ஸ்டீயரிங் போய்விடும், பிரேக்கை மிதிக்கக் கூடுதல் பலம் வேண்டும். எல்லாவற்றையும் விடக் கொடுமை, ஏர்பேக்குக்கும் மின்சாரம் போகாது. மோதும் அந்த நொடியில் அது விரியவே விரியாது. சாவிக்கொத்து கொஞ்சம் கனமாக இருந்தாலோ முழங்கால் இடித்தாலோ போதும், சாவி திரும்பிவிடும் அளவுக்கு அந்த சுவிட்ச் தளர்வாக இருந்தது.

இதைக் கண்டுபிடித்த விதம்தான் என்னை உலுக்கியது. கூப்பர் அமர்த்திய மார்க் ஹூட் என்ற பொறியாளர், விபத்துக் காரின் சுவிட்சை வைத்துப் பலநாள் மண்டையை உடைத்துக்கொண்டார். அப்புறம் டீலர் கடையில் புதிதாக ஒன்று வாங்கினார். அதே பார்ட் நம்பர். இரண்டையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சாவியை அந்தந்த நிலையில் பிடித்து நிறுத்தும் குட்டி பிளஞ்சரும் அதன் ஸ்பிரிங்கும் புதியதில் சற்றே நீளமாக இருந்தன. நீளம் கூடியதால் பிடிப்பும் கூடியிருந்தது. அதாவது குறை இருந்தது கம்பெனிக்குள் யாருக்கோ தெரிந்திருக்கிறது, திருத்தியும் விட்டார்கள். ஆனால் பார்ட் நம்பரை மாற்றவில்லை, அதனால் மாற்றம் நடந்ததே வெளியே தெரியவில்லை. பழைய சுவிட்சோடு சாலையில் ஓடிக்கொண்டிருந்த லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

வழக்கில் அந்த சுவிட்சுக்குப் பொறுப்பான கம்பெனிப் பொறியாளரைப் பிரமாணத்தின் பேரில் விசாரித்தபோது, அப்படி ஒரு மாற்றம் நடந்ததே தனக்குத் தெரியாது என்றார். 2006 ஏப்ரலில் அவரே கையெழுத்துப் போட்ட ஒப்புதல் தாள் பிறகு வெளியே வந்தது. 2005-லேயே டீலர்களுக்கு, சாவிக்கொத்தில் இருக்கும் தேவையில்லாத கனத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள் என்று குறிப்பு அனுப்பியிருந்தது கம்பெனி. ரீகால், அதாவது குறையுள்ள கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து தரும் அறிவிப்பு, வந்ததோ 2014 பிப்ரவரியில். கடைசியில் 26 லட்சம் கார்கள். இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. சுவிட்சைச் சரியாகச் செய்ய ஒரு காருக்கு ஒரு டாலர்கூடக் கூடுதலாக ஆகியிருக்காது.

2015-ல் 90 கோடி டாலர் கட்டி, கம்பெனி மீதான குற்றவழக்கைத் தள்ளிவைக்க அமெரிக்க அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நிபந்தனைகளைப் பின்பற்றினார்கள் என்று 2018-ல் குற்றச்சாட்டும் கைவிடப்பட்டது. தனி ஆள் ஒருவர் மீதும் குற்றவழக்கு இல்லை. இதற்கிடையே, 2009-ல் திவாலாகிப் புதிய கம்பெனியாக மாறிவிட்டோம், பழைய காருக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரு வாதம் வேறு. குறையை மறைத்து வைத்திருந்தவர்கள் அந்தக் கேடயத்தைப் பிடிக்க முடியாது என்று 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

சரி, இங்கே என்ன நிலைமை? என் சித்தப்பா மகனின் காரும் ஓடும்போது அணைந்துபோகும். சர்வீஸ் சென்டரில், "செக் பண்ணிட்டோம் சார், எல்லாம் ஓகே. நீங்க கிளட்ச் மிதிக்கிற விதம்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். ஜாப் கார்டில், அதாவது சர்வீஸுக்கு விடும்போது வேலையைக் குறித்துத் தரும் தாளில், அவன் சொன்ன குறையை எழுதவே இல்லை, 'ஜெனரல் செக்கப்' என்று இருந்தது. நாளைக்கு ஏதாவது நடந்தால் அவன் எதைக் காட்டுவான்? ஜார்ஜியாவில் ஒரு வழக்கறிஞரால் கம்பெனிப் பொறியாளரை உட்காரவைத்துக் கேள்வி கேட்கவும் உள் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் முடிந்தது. நம் நுகர்வோர் ஆணையங்களில் பெரும்பாலும் இரு தரப்பு பிரமாணப் பத்திரங்களைப் பார்த்துத்தான் தீர்ப்பு.

அதனால்தான் 2022 ஏப்ரலில் வந்த ஹூண்டாய் கிரெட்டா தீர்ப்பை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்கிறேன். ஶ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை வைத்திருக்கும் அதே ஹூண்டாய்தான். 2017-ல் டெல்லி-பானிபட் நெடுஞ்சாலையில் விபத்து, முன்பக்கம் அடிபட்டும் ஏர்பேக் விரியவில்லை, ஓட்டியவருக்குத் தலையிலும் மார்பிலும் காயம். ஏர்பேக் விரியும் அளவுக்கு மோதலின் வேகம் இல்லை என்பது கம்பெனியின் வாதம். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேகத்தையும் விசையையும் கணக்குப் போட்டு மோதலின் தாக்கத்தைச் சொல்ல நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்று சொல்லி, இழப்பீட்டையும் வண்டியை மாற்றித் தரச் சொன்ன உத்தரவையும் உறுதிசெய்தது. எத்தனையோ குடும்பங்கள் சொல்லத் தெரியாமல் தவித்ததை நீதிமன்றம் ஒரே வரியில் சொல்லிவிட்டது.

ஆனால் ஒரு தீர்ப்பு வர டெல்லி வரை போக வேண்டியிருக்கிறது. எல்லோராலும் முடியுமா? 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, ரீகால் செய்யும்படி உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் அமலில் இருக்கின்றன. நல்ல காரியம்தான். விற்பனைக்கு ஏற்றபடி இத்தனை புகார்கள் சேர்ந்தால்தான் கட்டாய ரீகால் என்று கணக்கு, அப்படி உத்தரவு வந்தால் அபராதம் 10 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாய் வரை. ஒரு மாடலில் ஆண்டுக்குப் பல்லாயிரம் கார் விற்கும் நிறுவனத்துக்கு 1 கோடி என்பது ஷோரூமில் நிற்கும் சில கார்களின் விலை. இது எப்படி உறைக்கும்?

புகார் சேர்ந்தால்தான் சட்டம் அசையும் என்பதால், சர்வீஸுக்கு விடும்போது நீங்கள் சொல்லும் குறையை நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். எழுத மறுத்தால் அங்கேயே நின்று ஒரு மின்னஞ்சலாவது அனுப்பிவிடுங்கள்.

அரசிடம் நான் கேட்பது இரண்டு. அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்புத் துறை, எந்த மாடலுக்கு என்னென்ன புகார் வந்தது என்பதை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. இங்கேயும் மாடல்வாரியாக, தேதிவாரியாக அப்படி வர வேண்டும். அடுத்தது, பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக், இக்னிஷன் சம்பந்தப்பட்ட எந்த உதிரிபாகத்தின் வடிவம் மாறினாலும், நம்பர் மாறினாலும் மாறாவிட்டாலும், ஏன் மாற்றினோம் என்று போக்குவரத்து அமைச்சகத்துக்கு எழுதித் தர வேண்டும். அந்தத் தாளில் கம்பெனியின் பெயரோடு பொறுப்பான ஒரு மனிதரின் கையெழுத்தும் இருக்க வேண்டும்.