பச்சை முகமும் நீலப் பூவும்

போன சனிக்கிழமை திருகோணமலை உவர்மலையில் என் சித்திர வகுப்பில் பிக்காசோவின் ‘அழும் பெண்’ படத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தேன். பிள்ளையை ஏற்ற வந்த ஒரு அம்மா, “என்ன ரீச்சர், எங்கட சின்னவன் இதைவிட வடிவாக் கீறுவானே. மனுசருக்கு முகம் பச்சையாவா இருக்கும்?” என்று கேட்டுவிட்டு அவசரமாகப் போய்விட்டார். அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினின் குவெர்னிகா நகரில் ஜேர்மன், இத்தாலிய விமானங்கள் குண்டு போட்டன. அதை வைத்துப் பிக்காசோ தீட்டிய பெரிய ஓவியம் முழுக்கக் கறுப்பு, வெள்ளை, சாம்பல். இறந்த குழந்தையை ஏந்தி அலறும் ஒரு தாய் அதில் உண்டு. அந்த அழுகை அவரை விடவில்லை. மாதக்கணக்கில் அழும் பெண்களையே திரும்பத் திரும்பக் கீறினார். லண்டன் டேற் கலைக்கூடத்தில் உள்ள இந்தப் படம் அதே ஆண்டு ஒக்டோபரில் வந்தது. முகச்சாயல் பிக்காசோவின் காதலியும் புகைப்படக் கலைஞருமான டோரா மாருடையது. குவெர்னிகா ஓவியம் வளர்வதைப் படிப்படியாகப் படம்பிடித்தவர் அவர்தான்.

சரி, பச்சைக்கு வருவோம். அடிபட்டுக் கன்றின இடம் சில நாளில் என்ன நிறமாகும்? மஞ்சளும் பச்சையும்தானே. அந்த முகத்தை நான் அப்படித்தான் பார்க்கிறேன். நடுவில், லேஞ்சி (கைக்குட்டை) இருக்கிற இடத்தில், அந்த நிறமும் செத்து வெள்ளையும் நீலமும்தான் மிச்சம். எது விரல், எது பல், எது துணி என்று பிரிக்க முடியாது. எல்லாம் கண்ணாடி நொருங்கினது போல. முகம் பக்கவாட்டில், ஆனால் இரண்டு கண்ணும் தெரிகின்றன. ஒன்றைப் பல கோணத்தில் ஒரேயடியாகக் காட்டுவது கியூபிசம் என்று பிள்ளைகள் பாடமாக்குவார்கள். அழுகிற முகமே அப்படித்தான் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு, பூரணை. சுனாமி வந்த நாள். கோயிலுக்குப் போகவென்று பெரியம்மா சிவப்புச் சேலை கட்டி, கனகாம்பரம் வைத்திருந்தா. அன்று பின்னேரம் நாங்கள் ஒதுங்கியிருந்த பாடசாலை விறாந்தையில் அண்ணாவின் செய்தி வந்தது. சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக் கடித்தா. சத்தமே வரவில்லை. தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்த அடியில் முகம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கனகாம்பரம் மட்டும் வாடாமல் அப்படியே இருந்தது.

அதனால்தான் எல்லோரும் கண்ணைப் பார்க்க, நான் தொப்பியைப் பார்க்கிறேன். சிவப்புத் தொப்பி, அதில் ஒரு நீலப் பூ. அதைத் தலையில் வைத்த நேரம் அவளுக்கு ஒன்றும் தெரியாது. எங்கேயோ வெளிக்கிட்டிருக்கிறாள். கண்மணிகளில் விமான உருவம் தெரிகிறது என்பார்கள் சிலர், இருக்கலாம். எனக்கு அந்தப் பூவைத் தாண்டிப் போக முடிவதில்லை.

வாற சனிக்கிழமை அந்த அம்மா ஒரு அஞ்சு நிமிசம் முந்தி வந்தால் நல்லது. படத்தை நான் இன்னும் கழற்றவில்லை.