ஒஹாயோவின் மின்கட்டணமும் உள்ளூர்ச் செய்தித்தாளும்

அமெரிக்காவில் விலைவாசி பற்றிப் பேச்செடுத்தாலே அது வாஷிங்டனில்தான் போய் நிற்கிறது. 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டபோது ஒரு தரப்பு பைடனைச் சாடியது. 2025 மார்ச்சில் ஒரு டஜன் முட்டை ஆறு டாலரைத் தாண்டியபோது மறுதரப்பு டிரம்ப்பைச் சாடியது. ஆனால், குடும்பத்தின் மாதச் செலவை நெருக்கும் பல முடிவுகள் மாநிலத் தலைநகரங்களில் எடுக்கப்படுகின்றன என்பதையும், அவற்றைக் கண்காணித்து எழுதும் நிருபர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதையும் நாம் போதிய அளவு பேசுவதில்லை. ஒஹாயோவில் வசிக்கும் எனக்கு இது பெருங்கவலை.

எங்கள் மின்கட்டண ரசீதில், 'ரைடர்' எனப்படும் கூடுதல் கட்டணங்கள் சில சென்ட்டுகளாக விநியோகக் கட்டணத்துக்குள் அடங்கிவிடும். 2019 ஜூலை 23 அன்று ஆளுநர் மைக் டிவைன் கையெழுத்திட்ட 'ஹவுஸ் பில் 6' என்ற மாநிலச் சட்டம் இந்த வழியாகத்தான் மக்களின் பணத்தை எடுக்க வழிசெய்தது. இரண்டு அணுமின் நிலையங்களுக்கும், இரண்டு பழைய நிலக்கரி மின் நிலையங்களுக்கும் (அவற்றில் ஒன்று இண்டியானாவில் இருக்கிறது!) ஒஹாயோ மக்கள் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும் என்றது அந்தச் சட்டம். அந்தச் சட்டம் நிறைவேறுவதற்காக, அன்றைய மாநில அவைத்தலைவர் லாரி ஹவுஸ்ஹோல்டரின் கட்டுப்பாட்டில் இருந்த அமைப்புக்குச் சுமார் 6 கோடி டாலர் கொடுத்ததை ஃபர்ஸ்ட் எனர்ஜி என்ற மின் நிறுவனமே 2021இல் ஒப்புக்கொண்டது. இந்த ஊழல் வழக்கில் 2023இல் ஹவுஸ்ஹோல்டருக்கு 20 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

எனக்கு மிகுந்த கோபத்தைத் தருவது இடையில் நடந்ததுதான். சட்டத்தைப் பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டுவரச் சிலர் வீதி வீதியாகக் கையெழுத்து திரட்டியபோது, சீனா நம் மின்கட்டமைப்பைக் கைப்பற்றப் பார்க்கிறது என்று தொலைக்காட்சி விளம்பரங்கள் மக்களை மிரட்டின. தேவையான கையெழுத்துகள் சேராமல் அந்த முயற்சி தோற்றது.

அதே 2019இல், ஆகஸ்ட் 31 அன்று, ஒஹாயோவின் யங்ஸ்டவுன் நகரின் 150 ஆண்டுப் பழமையான 'விண்டிகேட்டர்' நாளிதழ் நின்றுபோனது. பெயரை அண்டை நகரப் பத்திரிகை வாங்கிக்கொண்டது என்றாலும் பழைய செய்தியறை கலைந்துவிட்டது. பக்கத்திலுள்ள லார்ட்ஸ்டவுனில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை உற்பத்தியை நிறுத்தியதும் அந்த ஆண்டின் மார்ச்சில்தான். நாளிதழ் நின்றதால் ஊழல் நடந்தது என்று நான் சொல்லவில்லை. கிளீவ்லாந்து, கொலம்பஸ் நிருபர்கள் விடாமல் எழுதத்தான் செய்தார்கள். ஆனால், வேலை போன வீட்டுக்கு வந்து சேரும் மின்கட்டணத்தில் இன்னொருவருடைய லாபமும் சேர்ந்திருக்கிறது என்பதை அந்த ஊரின் குரலிலேயே சொல்வதற்கு இருந்த பெரிய இடம், அது மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் பறிபோனது.

அணுமின் கட்டணம் நீதிமன்றத் தடையால் நின்று, 2021இல் சட்டத்திலிருந்தும் நீக்கப்பட்டது. நிலக்கரி நிலையங்களுக்கான மானியத்தை முடிவுக்குக் கொண்டுவர 2025இல் இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்தது. ஒஹாயோ நண்பர்களே, நீங்கள் எந்தக் கட்சிக்கு வாக்களித்தாலும் சரி, உங்கள் ஊர்ப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுங்கள். அடுத்த கட்டண உயர்வு குறித்து மின் ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும்போது நேரில் சென்று பேசுங்கள்.