மார்கழிவரை காத்திருந்தால் வலசையின் முதல் பாதி போய்விடும்

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் இறுதியிலோ டிசம்பரிலோ கோடியக்கரைக்கு வெளிநாட்டுப் பறவைகள் வரத் தொடங்கியிருப்பதாக நாளிதழ்களில் செய்தி வரும். கூடவே பூநாரைக் கூட்டத்தின் படம் ஒன்றும் இருக்கும். படம் அழகானதுதான். ஆனால் அந்தச் செய்தி அச்சேறும்போது வலசையின் முதல் பாதி ஏறக்குறைய முடிந்துபோயிருக்கும். ஆடி மாதத்தின் பிற்பகுதியிலேயே வடதுருவத்தை ஒட்டிய நிலங்களிலிருந்து உள்ளான்கள் என்னும் சிறு கரைப்பறவைகள் வேதாரண்யத்துச் சதுப்பில் இறங்கத் தொடங்கிவிடுகின்றன. ஆவணியிலும் புரட்டாசியிலும் அவை பெருகுகின்றன. ஐப்பசியில் அடைமழை பிடித்து நீர்மட்டம் உயர்ந்ததும் அவற்றில் பெரும்பகுதி வேறு இடம் தேடிக் கிளம்பிவிடுகிறது. நாமோ தை மாதத்தில்தான் எண்ணுகிறோம். சுற்றுலாப் பயணிகளையும் அந்தப் பருவத்தில்தான் அழைக்கிறோம். இந்த வழக்கம் மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இடத்தின் அமைப்பு. சோழமண்டலக் கரை வடக்கிலிருந்து நேராக இறங்கி வந்து கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்த முனைக்குத் தெற்கே பாக் நீரிணை. அதற்கு அப்பால், ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், யாழ்ப்பாணக் குடாநாடு. கரையை வழிகாட்டியாகக் கொண்டு தெற்கே வரும் பறவைக்கு நிலம் தீர்ந்துபோகும் இடம் இது. கடலைக் கடப்பதற்கு முன் இங்கே இறங்கித் தின்று உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கரையோடு மேற்கே திரும்பி முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகள் பக்கம் போக வேண்டும். இந்த முனையையும் இதற்கு மேற்கே பரந்து கிடக்கும் பெருஞ்சதுப்பையும் அலையாத்திக் காடுகளையும் சேர்த்து 38,500 ஹெக்டேர் பரப்பு, 2002ஆம் ஆண்டு பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயம் அதற்கும் முன்பே, 1967இல், முதன்மையாக வெளிமான்களுக்காக உருவானது. பறவையியலாளர் சாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் இங்கே வலை விரித்துப் பறவைகளைப் பிடித்து, அடையாளத்துக்காகக் காலில் வளையமிட்டு விடத் தொடங்கிய பிறகுதான் இது வலசைப் பாதையின் முக்கியமான முனை என்பது உலகுக்குத் தெரிந்தது.

குளிர்நாடுகளில் இந்த வலசைக் காலத்தை இலையுதிர்காலம் என்பார்கள்; நமக்கு அப்படித் தனியாக ஒரு பருவம் இல்லை. மீனவர்களுக்கு அது காற்று மாறும் காலம். மேற்குக் காற்றான கச்சானும் தெற்குக் காற்றான சோழகமும் தளர்ந்து, வடக்கிலிருந்து வீசும் வாடை தொடங்கும் இடைவெளி. அந்த இடைவெளிதான் உள்ளான்களின் காலம். பாக் நீரிணைக் கரையில் கடலின் ஏற்ற வற்றத்தின் வீச்சு மிகவும் குறைவு. சதுப்பின் சேற்றுவெளிகளில் நீரை ஏற்றி இறக்குவதில் காற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. தெற்கிலிருந்து காற்று தள்ளும் நாட்களில் கடல்நீர் மெல்லிய படலமாகப் பல கிலோமீட்டர் உள்ளே பரவும். காற்று விழுந்தால் பின்வாங்கும். நனைந்தும் நனையாமலும் இருக்கும் அந்த ஓரத்தில்தான் புழுக்களும் சிறு இறால்களும் ஈ லார்வாக்களும் மேற்பரப்புக்கு அருகே கிடைக்கும். இருபது முப்பது கிராம் எடையும் விரற்கடை நீளக் கால்களும் கொண்ட சின்னக் கொசு உள்ளானுக்கு வேண்டியது இந்த ஓரம் மட்டுமே. வடகிழக்குப் பருவமழை பெய்து சதுப்பு நிரம்பிவிட்டால் அதன் கால்களுக்கு நீர் ஆழமாகிவிடும். அதன்பின் அது பூநாரைகளின் இடம், ஊசிவால் வாத்துகளின் இடம். ஒரே சதுப்பு மூன்று மாத இடைவெளியில் முற்றிலும் வேறு பறவைகளின் வீடாகிறது. இரண்டாவது வீட்டை மட்டும் பார்த்துவிட்டு இதுதான் கோடியக்கரை என்று நாம் முடிவு செய்துவிட்டோம்.

வளைமூக்கு உள்ளானைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதத்தின் உயிர் அந்தப் பறவையிடம் இருக்கிறது. அறுபது கிராம் அளவே எடையுள்ள இது சைபீரியாவின் வடகோடியில், தைமிர் தீபகற்பம் போன்ற மரமற்ற துருவச் சமவெளிகளில் முட்டையிடுகிறது. சேவலுக்கு அடைகாப்பதிலோ குஞ்சு வளர்ப்பதிலோ பங்கில்லை. இணைசேர்ந்ததும் ஜூலைத் தொடக்கத்திலேயே அது தெற்கே கிளம்பிவிடுகிறது. குஞ்சுகள் ஓரளவு வளர்ந்தபின் பெட்டையும் கிளம்புகிறது. குஞ்சுகள் கடைசியில், வழிகாட்டப் பெற்றோர் எவரும் இல்லாமல், பிறந்து சில வாரங்களிலேயே, கண்டத்தின் மறுகோடியை நோக்கித் தாமாகப் பறக்கின்றன. ஆகவே ஆகஸ்டில் நம் சேற்றில் இறங்குபவை பெரும்பாலும் முதிர்ந்த பறவைகள். இனப்பெருக்கக் காலத்துச் செங்கல் நிறம் அவற்றின் மார்பிலும் வயிற்றிலும் திட்டுத்திட்டாக இன்னும் மிச்சமிருக்கும். செப்டம்பர் வாக்கில் இளம் பறவைகள் வந்து சேரும். அவற்றின் முதுகில் ஒவ்வோர் இறகும் வெளிறிய ஓரம் கட்டியிருப்பதால் செதில் செதிலாகத் தெரியும், மார்பில் இளம் பழுப்புச் சாயல் இருக்கும். நல்ல தொலைநோக்கியும் பழகிய கண்ணும் இருந்தால் அந்த வாரங்களில் முதிர்ந்தது எது, இளையது எது என்று பிரித்து எண்ணிவிடலாம். தை மாதத்தில் அது எளிதன்று. அதற்குள் பெரும்பாலும் எல்லாமே ஒரே சாம்பல் நிறத்துக்கு மாறியிருக்கும்.

இந்தப் பிரித்தெண்ணல் எதற்கு? சைபீரியாவில் லெம்மிங் என்ற எலி இனம் பெருகும் ஆண்டுகளில் துருவ நரிகள் அவற்றைத் தின்று திருப்தியடைகின்றன; உள்ளான் குஞ்சுகள் பிழைக்கின்றன. லெம்மிங் குறைந்த ஆண்டில் நரிகள் கூடுகளின் பக்கம் திரும்புகின்றன. அந்த ஆண்டு தெற்கே வரும் கூட்டங்களில் இளம் பறவைகள் அரிதாகிவிடுகின்றன. ஆக, புரட்டாசி மாதத்தில் வேதாரண்யத்துச் சேற்றில் நின்று இளையவற்றின் விகிதத்தைக் கணக்கிடுபவர், அந்தக் கோடையில் துருவச் சமவெளியில் என்ன நடந்தது என்பதைப் படித்துக்கொண்டிருக்கிறார். பறவைகள் குறைந்தால், குஞ்சுகள் பிழைக்காததால் குறைகின்றனவா, வழியிலும் வந்து தங்கும் இடத்திலும் முதிர்ந்தவை மடிவதால் குறைகின்றனவா என்று பிரித்தறிய இது ஒரு முக்கியமான சாவி. முதற்காரணத்துக்கு நாம் செய்யக்கூடியது குறைவு. இரண்டாவதில் நமக்குப் பொறுப்பு உண்டு.

குறைகின்றன என்பதில் ஐயமில்லை. 2024 அக்டோபரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியல் திருத்தப்பட்டபோது, வலசை வரும் கரைப்பறவைகளில் 16 இனங்கள் ஒரே நேரத்தில் கூடுதல் ஆபத்துள்ள நிலைகளுக்கு மாற்றப்பட்டன. வளைமூக்கு உள்ளானும் சாம்பல் உப்புக்கொத்தியும் அழிவாபத்துக்கு உள்ளாகக்கூடியவை என்ற நிலைக்கு வந்தன. கல்திருப்பி உள்ளான் அந்த நிலையை நெருங்கும் இனமாயிற்று. இவை மூன்றுமே நம் கரையில் வழக்கமாகக் காணக்கூடியவை. 1980களில் கோடியக்கரையிலேயே பதிவாகி ஆய்விதழிலும் இடம்பெற்ற கரண்டிமூக்கு உள்ளான் இன்று உலக அளவில் அழிவின் விளிம்பில் நிற்கிறது. இங்கே பல பத்தாண்டுகள் வளையமிட்ட ஆய்வாளர்கள் சிறு உள்ளான்களின் வீழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார்கள். சதுப்புக்கு வரும் நன்னீர் குறைந்ததையும், உப்பளங்கள் விரிந்ததால் நீரின் உவர்ப்பு மாறியதையும் காரணங்களாகச் சுட்டியிருக்கிறார்கள்.

உப்பைப் பற்றிப் பேசும்போது நியாயமாகப் பேச வேண்டும். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த மண் இது. உப்பு இங்கே பல குடும்பங்களின் சோறு. சிறு உப்பளப் பாத்திகளும் அவற்றுக்கு நீர் கட்டும் ஆழமற்ற தேக்கங்களும் பறவைகளுக்கு உணவிடமாகவும் இருக்கின்றன; வெயிலில் பாத்தி மிதிக்கும் தொழிலாளிக்கு எந்த உள்ளான் எப்போது வரும் என்பது நம்மில் பலரைவிட நன்றாகத் தெரியும். என் கவலை பெரும் பரப்பில் கரை கட்டி, நீரை மிகக் கடுமையான உவர்ப்புக்கு ஏற்றும் ஏற்பாடுகளைப் பற்றியது. உவர்ப்பு ஓர் எல்லையைத் தாண்டினால் சேற்றில் உப்பிறாலைத் தவிர வேறு உயிர் அதிகம் மிஞ்சாது. பூநாரை அதைக் கொண்டு பிழைத்துவிடும்; புழு தேடும் உள்ளான் பிழைக்காது. அதனால்தான் பூநாரைகள் நிறைய வந்துவிட்டன, சதுப்பு நலமாக இருக்கிறது என்ற முடிவை நான் ஏற்பதில்லை.

சேற்றுவெளியைவிடக் குறைவாகப் பேசப்படுவது காடு. கோடியக்காட்டின் உலர் பசுமைமாறாக் காட்டில் பாலை மரங்களுக்கு அடியில் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே நடக்கும் வலசை சத்தமில்லாதது என்று. இமய அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடுகட்டிய ஆறுமணிக்குருவி இரவோடு இரவாகப் பறந்து வந்து, களைப்பில் சருகுக்குள் இறங்கும். சில வேளைகளில் வீட்டு முற்றத்திலும் திண்ணையிலும் விழுந்து கிடக்கும்; அப்படிக் கண்டால் ஓர் அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, அந்தி சாய்ந்ததும் புதர் ஓரத்தில் விட்டுவிடுங்கள். அரசவால் ஈப்பிடிப்பான், பழுப்புக் கீச்சான், கொடிக்கால் வாலாட்டி, செந்தலைப் பூங்குருவி, மாங்குயில் என இந்த வாரங்களில் காட்டுக்குள் வந்து போகும் பட்டியல் நீளமானது. நீலவால் பஞ்சுருட்டான்களும் தகைவிலான்களும் மேலே கூட்டம் கூட்டமாகத் தெற்கே போகும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது இந்தக் காட்டின் முதுமரங்கள் பல சாய்ந்தன. சாய்ந்த இடங்களில் சீமைக்கருவேலம் புகாமல் பார்த்துக்கொள்வதும் வலசைப் பாதுகாப்பின் ஒரு பகுதிதான்.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். 1987 முதல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. தமிழ்நாட்டு வனத்துறையின் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பும் குளிர்காலத்தை மையமாகக் கொண்டதே. இவை தேவையற்றவை என்று நான் சொல்லவில்லை. எல்லா நாடுகளிலும் ஒரே காலத்தில் எண்ணுவதால் ஒப்பிட முடிகிறது. குளிர்காலத்தில் பறவைகள் ஓரிடத்தில் தங்குவதால் இரட்டிப்பாக எண்ணும் பிழையும் குறைகிறது. ஆனால் தங்குபவற்றை எண்ணும் முறையால் கடந்து செல்பவற்றை எண்ண முடியாது. செப்டம்பரில் கோடியக்கரையில் மூன்று வாரம் தின்று கொழுத்துவிட்டு மன்னாருக்கும் வங்காலைக்கும் போய்விட்ட உள்ளான், ஜனவரியில் இலங்கையின் கணக்கில் சேரும். அதன் பயணத்துக்கு நம் சேறு தந்த பங்கு எந்த ஏட்டிலும் ஏறாது. ஏட்டில் ஏறாத பயனைத் திட்டமிடுபவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. மழைக்கு முந்தைய மாதங்கள் என்பதால் வாய்க்கால் தூர்வாரும் இயந்திரங்களும் கரை உயர்த்தும் வேலைகளும் சாலைப் பணிகளும் அந்த வாரங்களிலேயே சதுப்பின் ஓரத்துக்கு வந்துவிடுகின்றன; பறவைகளே இல்லாத காலம் என்று நம்பித்தான் நாள் குறிக்கிறார்கள். அவர்களிடம் காட்ட நம்மிடம் எண் இல்லை.

அதே வாரங்களில்தான் வேட்டையும். உள்ளானையும் மடையானையும் பிடித்து விற்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனாலும் டெல்டாவின் சாலையோரங்களில் பறவைக்கறி விற்பனை முற்றாக ஒழிந்துவிடவில்லை. வாங்குபவர் இல்லையென்றால் வலை கட்டுபவரும் இல்லை. ஒளிப்படக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கூட்டம் எழும்பிப் பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகச் சேற்றுக்குள் ஓடாதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து இறகு மாற்றிக்கொண்டிருக்கும் பறவைக்கு ஒவ்வொரு முறை எழும்புவதும் தின்ற உணவை இழப்பதாகும்.

பூநாரைகளைக் காட்டினால்தான் மக்கள் வருவார்கள், பழுப்பு நிறச் சிறு பறவைகளுக்கு யார் வருவார்கள் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தனுஷ்கோடியில் 2025 ஜூனில் 524.7 ஹெக்டேர் பரப்பைப் பெரும் பூநாரைகளின் பெயராலேயே சரணாலயமாக அறிவித்தார்கள். அதை மனமார வரவேற்கிறேன், அந்த வேலிக்குள் உப்புக்கொத்திகளும் ஆலாக்களும் காக்கப்படும். ஆனால் சுற்றுலாவை வைத்து எண்ணும் காலத்தை முடிவு செய்யக் கூடாது. செதில் முதுகு கொண்ட ஓர் இளம் உள்ளான், தன் முதல் பயணத்தில், தாய் தந்தை எவரும் காட்டாத வழியில் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று சொல்லித் தொலைநோக்கியைக் கையில் கொடுத்தால், பார்க்க மறுக்கும் பள்ளிப் பிள்ளை ஒருவரும் இருக்க மாட்டார் என்பது என் நம்பிக்கை.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அன்று. ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து பருவமழை வலுக்கும் வரை, பத்து நாட்களுக்கு ஒருமுறை, அதே இடங்களில், அதே நேரத்தில் எண்ண வேண்டும். முனியப்பன் ஏரி, ராமர் பாதத்தைச் சுற்றிய காடு, கோடியக்கரைக் கடலோரம், சதுப்பின் கிழக்கு ஓரத்தில் அனுமதி கிடைக்கும் இரண்டு மூன்று இடங்கள் ஆகியவை போதும். எண்ணிக்கையோடு காற்றின் திசை, நீரின் ஆழம், உவர்ப்பு ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். வளைமூக்கு உள்ளானில் இளையது, முதிர்ந்தது எனத் தனித்தனியாக எழுத வேண்டும். வனத்துறை அனுமதி தந்து, நாகை, திருவாரூர் மாவட்டக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகள் மாணவர்களைத் தந்து, வளையமிட்டுப் பழகிய ஆய்வாளர்கள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பயிற்சி தந்தால், வரும் ஆடியிலேயே தொடங்கலாம். வேதாரண்யம், தோப்புத்துறை, அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு பகுதிகளில் உப்பளத்திலோ கடலிலோ வேலை செய்பவர்கள், பறவைகள் முதலில் இறங்கிய நாளையும் இடத்தையும் நினைவிலிருந்து சொன்னாலும் அது பயன்படும். இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள்; இடம், மாதம், அன்றைய காற்று ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.